எம்ஜிபி காரில் பின்பக்க ஷாக்கும் புஷ்ஷும் மாற்றுவது: முதல் முறை கை வைப்பவருக்கு

நான் முதன்முதலாக இந்த வேலையைச் செய்தபோது, காரை ஸ்டாண்டில் தூக்கி வைத்த நிலையிலேயே எல்லா நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கிவிட்டேன். கீழே இறக்கிப் பார்த்தால், சண்டைக்கு நிற்கும் பூனை மாதிரி கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஓட்டினால் தானாகப் படிந்துவிடும் என்று நினைத்தேன். படிந்தது உண்மைதான், புஷ்ஷில், அதாவது இணைப்புகளுக்குள் அடைத்திருக்கும் ரப்பர் உருளையில், புது ரப்பர் கிழிந்து படிந்தது. சில மாதத்திலேயே அதே வேலையை இன்னொரு தடவை செய்யவேண்டி வந்தது. கடைசி முறுக்கு போடும் நேரத்தில் காரின் எடை பட்டை ஸ்பிரிங்மேல் இருக்க வேண்டும் என்று யாராவது அன்று சொல்லியிருந்தால் ஒரு ஜோடி புஷ்ஷும் இரண்டு வார இறுதிகளும் மிச்சமாகியிருக்கும்.

எம்ஜிபி இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான ஸ்போர்ட்ஸ் கார். 1965-இல் கூரை வைத்த ஜிடி மாடலும் வந்தது. உள்ளே இருப்பது 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின். நம் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி எஞ்சினும் இதே குடும்பம்தான். அம்பாசடர் ஒர்க்‌ஷாப் வாசலில் வளர்ந்த எனக்கு இங்கே பிரிட்டனுக்கு வந்து எம்ஜிபியின் பானெட்டைத் திறந்தபோது சொந்தக்காரர் வீட்டுக்குள் போனது போல இருந்தது. பின்பக்கமும் அப்படித்தான். குறுக்கே ஒரு முழு ஆக்சில், இரண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங். நுணுக்கமான சமாச்சாரம் எதுவும் கிடையாது. ஒரு நாள் முழுக்க ஒதுக்கினால் புதியவரும் செய்துவிடலாம்.

செய்யத்தான் வேண்டும் என்பதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. பிரிட்டனில் 2018 மே மாதத்திலிருந்து, 40 ஆண்டு தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களுக்கு கார் சாலையில் ஓடத் தகுதியா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓடி சோதனை கட்டாயமில்லை. அதாவது, ஆண்டுக்கு ஒருமுறை காரைத் தூக்கி அடியில் டார்ச் அடித்துப் பார்த்த ஆள் இப்போது இல்லை. அந்த ஆள் இனி நீங்கள்தான்.

முதலில் அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்

இன்றைய கார்களில் ஷாக் என்றால் நீளக் குழாய். எம்ஜிபியின் பின்பக்கத்தில் அப்படி ஒன்றைத் தேடினால் கிடைக்காது. அங்கே இருப்பது ஆர்ம்ஸ்ட்ராங் வகை. கைப்பிடி அளவு வார்ப்புப் பெட்டி ஒன்று பாடியில் இரண்டு போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு கை நீளும். கையின் நுனியிலிருந்து ஒரு சிறிய இணைப்புக் கம்பி இறங்கி, பட்டைக்கு அடியிலுள்ள தகட்டில் மாட்டியிருக்கும். ஆக்சில் மேலும் கீழும் போகும்போது கை அசையும், பெட்டிக்குள் பிஸ்டன் எண்ணெயைச் சின்ன வால்வு வழியாகத் தள்ளும். குதிப்பு அடங்குவது அந்த எண்ணெயால்தான்.

பட்டையின் இரு முனையும் வளையமாகச் சுருண்டிருக்கும், அதுதான் கண். முன் கண்ணில் இரும்பு உறைக்குள் ரப்பர் வைத்து இறுக்கி அழுத்திய ஒரே புஷ். சைலன்ட் பிளாக் என்பார்கள். பின் கண்ணில் ஷேக்கிள், அதாவது பட்டையைப் பாடியோடு சேர்க்கும் ஆடும் தகட்டு இணைப்பு. கீழே பட்டையின் கண்ணுக்கு இரண்டு அரைப் புஷ், மேலே பாடியின் துளைக்கு இரண்டு. ஒரு பக்கத்துக்கு நான்கு, காருக்கு எட்டு. இந்த ரப்பர்கள் எதுவும் வழுக்கிச் சுற்றுவதற்காக வைத்தவை அல்ல. உள்ளும் புறமும் கவ்விக்கொண்டு, நடுவில் ரப்பர் முறுகி முறுகித் திரும்ப வேண்டும். பட்டை தொங்கும் நிலையில் நட்டை இறுக்கினால் அந்தத் தொங்கல்தான் ரப்பருக்கு இயல்பு நிலை ஆகிவிடும். கார் தரைக்கு வந்ததும் முறுகியபடியே வாழத் தொடங்கும், ஒவ்வொரு பள்ளத்திலும் இன்னும் கொஞ்சம் முறுகும், கடைசியில் கிழியும். என் கார் பூனை மாதிரி நின்றது இதனால்தான்.

மாற்ற வேண்டுமா என்று எப்படித் தெரியும்?

காரின் மூலையை அழுத்திவிட்டு எத்தனை தடவை குதிக்கிறது என்று எண்ணும் பழைய வைத்தியம் இங்கே அவ்வளவாகப் பலிக்காது. பட்டை ஸ்பிரிங்கின் அடுக்குகளுக்கு இடையிலான உராய்வே குதிப்பைக் கொஞ்சம் அடக்கிவிடும். செத்துப்போன ஷாக்கும் தப்பித்துக்கொள்ளும். நம்பகமான வழி, இணைப்புக் கம்பியைக் கழற்றிவிட்டுக் கையை நீங்களே மேலும் கீழும் அசைத்துப் பார்ப்பது. முழு வீச்சிலும் தேன் பாட்டிலுக்குள் கரண்டியை ஓட்டுவது போல ஒரே சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று லேசாகிப் பிறகு மறுபடி பிடித்தால் எண்ணெய் குறைந்து காற்று புகுந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றிப் பார்க்கலாம். கை முழுக்கவே தளர்வாக ஆடினாலோ, கை நுழையும் அச்சைச் சுற்றி ஈரமாக எண்ணெய் கசிந்திருந்தாலோ, ஊற்றிப் பயனில்லை. ஊற்றுவது அந்த வழியாகவே வெளியேறும்.

புஷ் தேய்ந்ததை ஓட்டும்போதே உணரலாம். வளைவில் ஆக்சிலரேட்டரை விட்டதும் பின்பக்கம் தானாக ஒரு பக்கம் நகர்வது போல இருக்கும். ஸ்டியரிங்கை நீங்கள் திருப்பியிருக்கவே மாட்டீர்கள். பட்டையின் முன் கண்ணில் நெம்புகம்பியை வைத்து அசைத்துப் பாருங்கள். போல்ட் ரப்பருக்குள் துள்ளினால் முடிந்தது கதை. ஷேக்கிளில் ரப்பர் பிதுங்கி, தகடும் பட்டையும் உரசிப் பளபளத்திருந்தால் அதுவும் அப்படியே.

வாங்க வேண்டியவை

ஷாக் இடது, வலது என்று தனித்தனி. மாற்றி வந்தால் பொருந்தாது. இங்கே பெரும்பாலும் பழையதைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்கிக்கொள்ளும் முறை. பழையதைத் திருப்பி அனுப்பும்வரை ஒரு வைப்புத்தொகை பிடித்துக்கொள்வார்கள். புதுப்பித்தது என்பதற்கு அர்த்தம் கடைக்குக் கடை மாறும். நான் முதலில் வாங்கிய ஜோடிக்குப் புது பெயின்ட் மட்டும்தான் அடித்திருந்தார்கள் போலிருக்கிறது, ஒரே மாதத்தில் கசிந்தது. அச்சுத் துளையைச் சரிசெய்து புது சீல் போட்டார்களா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெயின்ட்டைப் பார்த்து வாங்காதீர்கள்.

குழாய் ஷாக்குக்கு மாற்றும் கிட்டும் கிடைக்கிறது. புதியவருக்கு நான் சொல்லமாட்டேன். நன்றாகப் புதுப்பித்த கை ஷாக் இந்தக் காருக்குப் போதும். கிட்டில் வரும் பிராக்கெட் எப்படிப் பொருந்துகிறது, ஷாக்கின் நீளம் சரியா என்பதெல்லாம் தனித் தலைவலி.

எண்ணெய் விஷயத்தில், தயாரிப்பாளர் சொன்னது ஆர்ம்ஸ்ட்ராங் 624. அது கிடைக்காவிட்டால் நல்ல தரமான 20 கிரேடு மினரல் எண்ணெய். மோட்டார்சைக்கிளின் முன் ஃபோர்க்குக்கு ஊற்றும் 20 கிரேடு எண்ணெயைத்தான் பலரும் பயன்படுத்துகிறோம். பிரேக் எண்ணெயை மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.

புஷ் ரப்பரா, பாலியூரித்தேனா? சாலையில் சாதாரணமாக ஓட்டுபவருக்கு ரப்பர் என்பது என் கட்சி. பாலியூரித்தேன் எண்ணெய்க்கு அசையாது, ரொம்ப நாள் உழைக்கும், ஆனால் பட்டையின் அதிர்வை அப்படியே உள்ளே அனுப்பும். கூடவே வரும் சிலிக்கான் கிரீஸைத் தடவாமல் போட்டால் பழைய கட்டில் போலக் கிறீச்சிடும். ரப்பருக்கு அந்தத் தொல்லை இல்லை. மாட்டும்போது சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டால் போதும். சாதாரண கிரீஸோ எஞ்சின் ஆயிலோ பட்டால் ரப்பர் உப்பிக் கெட்டுவிடும், அந்த டப்பாக்களை எட்ட வையுங்கள்.

பட்டையைக் கழற்றுவதாக இருந்தால் அதை ஆக்சிலோடு கட்டிப் பிடிக்கும் யூ போல்ட்டையும் நட்டையும் புதிதாகவே வாங்குங்கள். இணைப்புக் கம்பியின் இரு முனையிலும் ரப்பர் உண்டு, அதுவும் பழசாகியிருக்கும். ஆக்சில் அளவுக்கு மீறித் தொங்காமல் பிடித்துக்கொள்ளும் ரப்பர் வாரும் வெடித்திருக்க வாய்ப்பு அதிகம். அதையும் இதே ஆர்டரில் சேர்த்துவிடலாம்.

ஸ்பேனர் செட் அங்குல அளவில் வேண்டும். ½ அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். வீட்டிலிருக்கும் 13 அதில் ஏறிவிடும், துரு பிடித்த நட்டில் ஒரு தடவை வழுக்கி மூலையை மழுக்கியும்விடும். 9/16 என்பது 14.3 சொச்சம். 14 ஏறாது, 15 தொளதொளக்கும்.

தூக்குவதற்கு முன்

இரண்டு நாள் முன்பே எல்லா நட்டிலும் போல்ட்டிலும் துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிடுங்கள். மறுநாள் காலை இன்னொரு தடவை. சமதரையில் நிறுத்தி, பின்சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டின் வளைவு வரை இரண்டு பக்கமும் டேப்பால் அளந்து எழுதி வையுங்கள். அப்புறம் அடியில் போய்ப் போன் கேமராவில் நாலு பக்கமும் படம் எடுங்கள். எந்த வாஷர் எந்தப் பக்கம் என்று மத்தியானம் மூன்று மணிக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்காது.

முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். ஹேண்ட் பிரேக்கை நம்ப முடியாது, அது பிடிப்பதே தூக்கப்போகும் பின்சக்கரங்களைத்தான். தரையில் இருக்கும்போதே சக்கர நட்டைத் தளர்த்துங்கள். கம்பிச் சக்கரம் என்றால் நடு நட்டைத் தளர்த்த செம்பு அல்லது தோல் தலை வைத்த சுத்தி வேண்டும். ஆக்சிலின் நடுவே புடைத்திருக்கும் டிஃபரன்ஷியலுக்கு அடியில் ஜாக்கி வைத்துத் தூக்கி, பட்டையின் முன் முனை பாடியில் மாட்டியிருக்கும் இடத்துக்குச் சற்று முன்னால், பாடியின் உறுதியான அடிக்கட்டையில் இரண்டு ஸ்டாண்டு கொடுங்கள். ஸ்டாண்டில் கார் உட்கார்ந்ததும் தோளைக் கொடுத்துத் தள்ளிப் பாருங்கள். ஆடினால் இறக்கி மறுபடி வையுங்கள். வெட்கப்பட இதில் எதுவும் இல்லை. ஜாக்கியை எடுத்துவிடாதீர்கள். இனி அதன் வேலை ஆக்சிலை வேண்டிய உயரத்தில் பிடித்துக்கொடுப்பது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை விடக் கூடாது என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? சொல்லிவிடுகிறேன்.

ஷாக்

இது எளிய பாதி. கையையும் இணைப்புக் கம்பியையும் சேர்க்கும் நட்டை எடுங்கள். பிறகு பாடியில் பிடித்திருக்கும் இரண்டு போல்ட். அவை வெளியே வரும்போது பெட்டியை இன்னொரு கையால் தாங்குங்கள், பார்ப்பதைவிட கனம் அதிகம். கையைக் கம்பியின் போல்ட்டிலிருந்து உருவியபடி வெளியே எடுங்கள்.

புதியதை அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்த நிமிடத்திலிருந்து நிமிர்த்தியே வைத்திருக்க வேண்டும். சாய்த்தால் காற்று உள்ளறைக்குள் போய்விடும். வைஸில் நிமிர்த்திப் பிடித்து, மேலே இருக்கும் மூடியைச் சுற்றி முதலில் சுத்தமாகத் துடைத்துவிட்டுத் திறங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனாலும் வால்வில் போய் உட்கார்ந்துகொள்ளும். எண்ணெய் துளையின் அடி விளிம்பு வரை இருக்க வேண்டும். கையை முழு வீச்சுக்கு மெதுவாகப் பத்துப் பதினைந்து தடவை ஓட்டுங்கள். குமிழி வருவது நின்று எதிர்ப்பு சீரான பிறகு எண்ணெய் அளவை மறுபடி பார்த்து மூடுங்கள். காரில் மாட்டிய பிறகு அந்த மூடியை எட்டுவது எவ்வளவு அவஸ்தை என்பது ஒரு தடவை முயன்றவருக்குத் தெரியும்.

மாட்டும் முன் பாடியில் ஷாக் உட்காரும் பரப்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துத் துருவையும் கட்டிப் பெயின்ட்டையும் எடுங்கள். அது சமமாக இல்லாவிட்டால் எவ்வளவு முறுக்கினாலும் போல்ட் பிறகு தளரும். இந்த இரண்டு போல்ட்டையும் இப்போதே முழு முறுக்கு போட்டுவிடலாம், ரப்பருக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை. முறுக்கு அளவை உங்கள் ஆண்டுக்குரிய மானுவலில் பார்த்து டார்க் ரெஞ்சில் வையுங்கள். இணைப்புக் கம்பியின் நட்டை மட்டும் கையால் ஏற்றி விட்டுவைக்கவும்.

ஷேக்கிள் புஷ்

முன் கண் நன்றாக இருந்தால் பட்டையைக் கழற்றவே வேண்டாம், ஷேக்கிளை மட்டும் பார்த்தால் போதும். ஜாக்கியால் ஆக்சிலைச் சிறிது சிறிதாக ஏற்றி இறக்குங்கள். ஏதோ ஓர் உயரத்தில் ஷேக்கிள் மீது இழுப்பும் இல்லாமல் அழுத்தமும் இல்லாமல் நிற்கும். விரலால் தொட்டாலே தெரியும். அங்கே நிறுத்திவிட்டு நட்டை எடுத்து, தளர் தகட்டை நெம்பி, பின்கள் பொருத்திய தகட்டை மறுபக்கம் தட்டுங்கள். பழைய ரப்பர் துண்டு துண்டாக வரும். துளையின் உள்பக்கத் துருவை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். புது அரைப் புஷ்ஷை இரண்டு பக்கமிருந்தும் சோப்புத் தண்ணீர் தொட்டுத் தள்ளுங்கள். முழுக்க உட்காராமல் கொஞ்சம் துருத்தும், அது சரிதான், நட்டு அதை இழுத்துக்கொள்ளும். ஆனால் இப்போது அல்ல. தகடு ரப்பரைத் தொடும் வரை மட்டும்.

முன் கண்

சிரமமான இடம் இது. இதற்குப் பட்டை இறங்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் செய்யுங்கள். மறுபக்கப் பட்டை ஆக்சிலை இடத்தில் பிடித்துக்கொள்ளும். இரண்டையும் சேர்த்து எடுத்தால் ஆக்சில் உருண்டு, பிரேக் ஹோஸ்தான் அதைத் தாங்கும். ஹோஸ் அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

ஆக்சிலை ஜாக்கியில் நிறுத்தி, இணைப்புக் கம்பியையும் தடுப்பு வாரையும் விடுவித்து, யூ போல்ட் நட்டுகளை எடுங்கள். அடித்தகடும் ரப்பர் மெத்தைகளும் எந்த வரிசையில் வந்தன என்று பாருங்கள். அப்புறம் ஷேக்கிள், கடைசியில் முன் போல்ட். அது புஷ்ஷின் உள் குழாயோடு துருவில் ஒட்டிப்போயிருப்பது சகஜம். நட்டு சுழலும், போல்ட் வராது. அடித்துப் பார்த்து, நனைத்துப் பார்த்து, வராவிட்டால் ரம்ப பிளேடால் புஷ்ஷின் இரு பக்கமும் போல்ட்டை அறுப்பதுதான் வழி. புது போல்ட் விலை குறைவு, அரை நாள் அடித்த தோள்வலி அப்படியல்ல. தீ வைத்து ரப்பரை எரித்து எடுக்கலாம் என்று ஒருவர் சொல்வார், கேட்காதீர்கள். பெட்ரோல் டேங்க் அங்கேயேதான் இருக்கிறது, எரியும் ரப்பரின் புகையும் நல்லதல்ல.

பட்டை மேசைக்கு வந்ததும் ரப்பரில் வரிசையாகத் துளை போட்டு உள் குழாயைத் தட்டி எடுங்கள். கண்ணுக்குள் மெல்லிய வெளி உறை மட்டும் மிஞ்சும். ரம்ப பிளேடை உள்ளே நுழைத்து, உறையை மட்டும் நீளவாக்கில் ஒரு கோடு அறுங்கள். கண் இரும்பை பிளேடு தொடும்போது சத்தம் மாறும், அங்கே நிறுத்துங்கள். கண்ணில் கீறல் விழுந்தால் அங்கிருந்தே பிறகு விரிசல் தொடங்கும். அறுத்த உறையை உளியால் உள்பக்கம் மடக்கித் தட்டினால் வந்துவிடும்.

புதியதை ஏற்ற பிரஸ் இல்லையென்றால் நீள மரை போட்ட கம்பி, தடித்த வாஷர்கள், கண்ணைவிடச் சற்றுப் பெரிய சாக்கெட் ஒன்று போதும். புஷ்ஷின் வெளி உறையில் மட்டுமே அழுத்தம் விழ வேண்டும். நடுக் குழாயில் அழுத்தினால் ரப்பர் உள்ளேயே பிய்ந்துவிடும். நேராகத் தொடங்குகிறதா என்று முதல் இரண்டு சுற்றில் பாருங்கள். சாய்ந்தால் திருப்பி எடுத்து மறுபடி. முன்னிரவே புஷ்ஷை ஃப்ரீசரில் போட்டு வைத்தால் கொஞ்சம் ஒத்துழைக்கும். வீட்டில் கேள்வி வரும், அது தனி.

திரும்ப மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பட்டையின் அடுக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் நடு போல்ட்டின் தலை, ஆக்சிலில் அதற்கான துளைக்குள் உட்கார வேண்டும். அரை அங்குலம் தள்ளி உட்கார்ந்தாலும் ஆக்சில் கோணலாகி, கார் நண்டு மாதிரி ஓடும். யூ போல்ட்டின் நான்கு நட்டையும் குறுக்கும் நெடுக்குமாகச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். நான்கிலும் வெளியே தெரியும் மரை ஒரே நீளமாக இருக்கட்டும்.

இப்போதுதான் முறுக்கு

சக்கரத்தை மாட்டிக் காரைத் தரைக்கு இறக்குங்கள். காரின் பின்னால் நின்று நாலைந்து தடவை அழுத்தி விடுங்கள், காரை ஒரு சாண் முன்னும் பின்னும் உருட்டுங்கள். பட்டை தன் இடத்தைக் கண்டுகொள்ளும். இனி முன் கண் போல்ட், ஷேக்கிளின் நட்டுகள், இணைப்புக் கம்பியின் இரு முனை, எல்லாவற்றையும் முழு முறுக்கு.

தரையில் நின்றால் அடியில் கை போகாதே என்பீர்கள். பின்சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றலாம். அது இல்லையென்றால் காரை மறுபடி தூக்கி, இந்தத் தடவை ஸ்டாண்டை பாடியில் வைக்காமல் ஆக்சில் குழாய்க்கு அடியில், பட்டைக்கு ஒட்டிய இடத்தில் வையுங்கள். பாடியின் எடை பட்டைமேல் இருக்கும்வரை சக்கரம் தரையில் இருப்பதற்கும் இதற்கும் ரப்பருக்கு வித்தியாசம் தெரியாது. பெட்ரோல் பாதி டேங்க் இருந்தால் நல்லது.

காலையில் எழுதி வைத்த உயரத்தை மறுபடி அளந்து பாருங்கள். புது ரப்பர் என்பதால் சிறிது கூடியிருக்கலாம். ஒரு பக்கம் மட்டும் அரை அங்குலத்துக்கு மேல் ஏறியிருந்தால் அந்தப் பக்கம் ஏதோ ஒன்று தொங்கும் நிலையில் இறுகியிருக்கிறது. தளர்த்தி, அழுத்தி, மறுபடி முறுக்குங்கள்.

முதல் ஓட்டம் மெதுவாக, வீட்டைச் சுற்றி. ஒரு மேடு, ஒரு வளைவு, ஒரு பிரேக். நூறு மைல் ஓடியதும் யூ போல்ட் நட்டுகளுக்கு இன்னொரு தடவை டார்க் ரெஞ்ச் வையுங்கள். மெத்தை ரப்பர் படிந்து அவை கொஞ்சம் தளர்ந்திருக்கும். அப்போதே ஷாக் மூடியைச் சுற்றியும் அச்சைச் சுற்றியும் ஒரு வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி எண்ணெயில் நனைந்தால் பழைய ஷாக்கை இன்னும் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். கடைக்காரரிடம் பேச அது கையில் இருக்கட்டும்.